சொட்டுப் பண்ணாடியும் அடைத்த குழாயும்

நாமக்கல்லில் வெயிலைத் திட்டாத மனிதர் கிடையாது. ஆனால் வெயிலோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்றவர் ஒருவர்தான். அவர் சொட்டுப் பண்ணாடி.

தோட்டம் துரவு உள்ளவர்களை அந்தப் பக்கத்தில் பண்ணாடி என்பார்கள். ‘சொட்டு’ அவருடைய காரிலிருந்து வந்தது. அந்தக் கார் எந்தத் தெருவில் போனாலும் பின்னால் ஈரக் கோடு ஒன்றைப் போட்டுக்கொண்டே போகும். அவரைத் தேடி வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்கமாட்டார்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

யுத்தம் வருவதற்கு முந்தைய காலம் அது. நான் ஆத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பண்ணாடி வீட்டு வாசலை ஒட்டிய அறையில் வாடகைக்கு இருந்தேன். எனக்கு அந்த ஊரில் பேச ஆள் இல்லை. அவருக்கு அந்த வீட்டிலேயே பேச ஆள் இல்லை. மனைவி காலமாகிவிட்டார்; ஒரே மகள் எருமப்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சாயங்காலமானால் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, நிற்கிற காரில் ஏறி உட்கார்ந்து சாப்பிடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“உள்ளார உக்காந்தா தட்டுச் சத்தம் பெருசாக் கேக்குதுங்க சாமி” என்றார்.

மகள் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் வழக்கம். பண்ணாடி சீர்த் தட்டோடு எருமப்பட்டி போனார். சம்பந்தியம்மாள் விழுந்து விழுந்து உபசரித்துவிட்டு, “வெயிலு தாழட்டுங்கண்ணா, அப்புறம் அனுப்பி வெக்கிறோம்” என்றார். அந்தச் சீமையில் யாரும் யாருக்கும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. வெயில் தாழட்டும், மழை நிற்கட்டும், ஆடி போகட்டும் என்பார்கள். கேட்டவர் புரிந்துகொண்டு மோரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். அப்போது பங்குனிதான் பிறந்திருந்தது. பிரசவமோ வைகாசியில். வெயில் தாழ்வதற்குள் பேரன் குப்புற விழுந்து தவழ ஆரம்பித்திருப்பான்.

ஊருக்கே புரிந்தது. பண்ணாடி மட்டும் மோரைக் குடித்துவிட்டு வந்து, காரின் அளவை எடுக்க ஆரம்பித்தார்.

மகளை வெயில் தெரியாமல் கூட்டிவர அவர் செய்த ஏற்பாடு இது: காரின் கான்வாஸ் கூரைமேல் ஒரு தகர டின். அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பின்சீட்டின் இரண்டு பக்கமும் கட்டிய வெட்டிவேர்த் தட்டிகளில் இறங்கும். கார் ஓடும்போது அடிக்கிற அனல்காற்று ஈர வேருக்குள் புகுந்து குளிர்ந்து உள்ளே வரும். மிஞ்சிய தண்ணீர் தட்டிக்குக் கீழே உள்ள தகரத் தொட்டியில் விழுந்து, ரப்பர் குழாய் வழியாகச் சாலைக்குப் போய்விடும். யோசனையில் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் அந்தக் குழாயில்தான். வேர்த் தூசியும் சாலைப் புழுதியும் சேர்ந்து களியாகி அதை அடைத்துக்கொள்ளும். ஈரக் கோடு நின்றுவிட்டது என்றால் உள்ளே வெள்ளம் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஜன்னலில் குரல் கேட்கும். “ஏனுங்க கிளார்க்கு, சும்மாதான இருக்கறீங்க? ஒரு கை புடிங்க.”

முதலில் குடைக்கம்பியை விட்டுக் குத்தினோம். கம்பி உள்ளே போயிற்று. வெளியே வர மறுத்தது. அதை எடுக்க இன்னொரு கம்பி. எல்லாம் என் குடையின் கம்பிகள். அந்த வருஷம் மழை வந்தபோது என் குடை பாதி ஆளைத்தான் காப்பாற்றியது.

பிறகு ஊதிப் பார்ப்பது என்று தீர்மானித்தார். அவர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாயில் வாயை வைத்துக்கொண்டார். நான் மேலே தொட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

“ஏதாச்சும் வருதுங்களா?”

“இல்லையே.”

“இப்ப?”

“வந்துவிட்டது.”

“எங்கீங்க?”

“என் மூஞ்சியில்.”

அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். மூஞ்சி முழுக்கச் சேற்றோடு நானும் சிரித்தேன். வீட்டைவிட்டு வந்து அத்தனை நாளில் நானும் அப்போதுதான் சிரித்தேன் போலிருக்கிறது.

வெள்ளோட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே. கடைவீதியில் ஜவுளி வியாபாரம் செய்த ராவுத்தரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு மோகனூர் ரோட்டில் விட்டார். போகும்போது ராவுத்தர் மகாராஜாவைப்போல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். திரும்பும்போது குழாய் அடைத்துக்கொண்டது. ஒரு திருப்பத்தில் தொட்டித் தண்ணீர் மொத்தமும் அவர் மடியில் இறங்கிவிட்டது. கடைவீதி நடுவே, நனைந்த வெள்ளை வேட்டியோடு அவர் இறங்கியதை ஊரே பார்த்தது. மனிதர் கோபப்படவில்லை. வேட்டியைப் பிழிந்துகொண்டே, “குளுமைக்கு ஒண்ணும் கொறையில்லீங்க பண்ணாடி. நாந்தான் காலையிலேயே குளிச்சுட்டு வந்துட்டேன்” என்றார்.

அப்புறம் சைக்கிள் கடைக்காரர் பம்பு கொண்டுவந்து அடித்தார். குழாய் கழன்று, வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரையும் நனைத்தது. கடைசியில் பண்ணாடி மகளின் பழைய தாவணியைக் கிழித்துக் குழாய் வாயில் வடிகட்டியாகக் கட்டினார். அதைக் கிழிக்க அவருக்கு மனசே வரவில்லை. கிழித்துக் கட்டியபின் அடைப்பு வருவது குறைந்தது.

சித்திரை உச்சியில், பகல் பன்னிரண்டு மணிக்கு எருமப்பட்டிக்குப் புறப்பட்டோம். வேண்டுமென்றே அந்த நேரம். “வெயிலு நல்லா அடிக்கட்டுங்க, அப்பத்தான் அவங்களுக்குத் தெரியும்” என்றார். சாலையில் ஒரு காக்கைகூட இல்லை. பின்சீட்டில் புதுத் தலையணை. அதில் யாரையும் உட்காரவிடவில்லை. நான் முன்னால் உட்கார்ந்து வெந்துகொண்டே போனேன்.

அங்கே போனதும் மகள்தான் முதலில் ஓடிவந்தாள். நிறைமாதத்தை நெருங்கிய பெண். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சம்பந்தியம்மாள் வந்து உள்ளே கையை நீட்டிப் பார்த்தார். ஈரக் குளுமை கையில் பட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. பாவம், அவரிடம் இருந்த மரியாதையான சாக்கு வெயில் ஒன்றுதான்.

“காரு நல்லாத்தானுங்க இருக்குது” என்றார். “ஊட்டுல ஒரு பொம்பளை இல்லீங்களே அண்ணா. வலி கண்டா ஆருங்க பாப்பாங்க?”

அவர் கெட்ட மனுஷி இல்லை. பண்ணாடி தலையை ஆட்டினார். பிறகு ஏதோ வேலை நினைவு வந்தவர்போலக் குனிந்து, “கொழாய் அடைச்சுக்கிச்சாட்ட இருக்குது” என்று காருக்கு அடியில் புகுந்துகொண்டார்.

உண்மையிலேயே அடைத்துத்தான் இருந்தது. தொட்டி வழிந்து பின்சீட்டின் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. அந்தப் பெண் வீங்கிய பாதங்களை அதில் வைத்துக்கொண்டு, “ஏனுங்கப்பா, அடைப்பை எடுக்காதீங்க. காலுக்கு எதமா இருக்குது” என்றாள்.

வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய கால்கள் இரண்டும் அசையவில்லை. அவள் போதும் என்று எழுந்திருக்கும்வரை அவர் அங்கேயே படுத்திருந்தார். அப்புறம்தான் குழாயைத் தட்டினார். தண்ணீர் வாசல் மண்ணில் ஓடியது.

திரும்பும்போது என்னைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னார். “அந்த சீட்டு வெறுமனே வாரதைப் பாக்க முடியலீங்க” என்றார்.

பாதி வழி வந்ததும் எனக்குத்தான் பொறுக்கவில்லை. “அவர்கள் வெயில் என்று சொன்னது ஒரு பேச்சுக்குத்தான் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?” என்று கேட்டேன்.

“தெரியாதுங்களா சாமி? அன்னைக்கே தெரியும்.” சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பொம்பளை இல்லாத ஊடுன்னா நான் என்னத்தப் பண்ணட்டும்? வெயிலுன்னாங்க. வெயிலுக்குன்னா நான் ஏதாச்சும் பண்ணிப் பாக்கலாமுல்லீங்க.”

கூரை டின்னில் தண்ணீர் தீர்ந்து வெகு நேரமாகியிருந்தது. நிரப்ப இருவருக்குமே தோன்றவில்லை. வேர்த் தட்டி காய்ந்து, அனல் என் இரண்டு காதிலும் அடித்துக்கொண்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

“பின்னால எப்படீங்க இருக்குது?” என்று திரும்பாமலே கேட்டார்.

“நல்லாக் குளிருதுங்க” என்றேன்.