யாருங்க பாய் காத்த கம்ப்யூட்டர்

தர்மபுரி ஜில்லாவிலேயே யாரையும் நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் கிரானைட் கம்பெனி ஆபீஸ் வாட்ச்மேன் யாருங்க பாய்தான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். கதவைத் தட்டினால் "யாருங்க?" என்பார். "நான்தான்" என்றால் திறக்கமாட்டார். "நாந்தான்னா எல்லாருந்தான். பேரச் சொல்லுங்க" என்பார். சாப்பாடு கொண்டுவந்த சொந்த மனைவியையே கேட்டில் நிற்கவைத்து விசாரித்தவர். அந்தம்மா தூக்குப்போசியைக் கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பெங்களூர் தலைமை ஆபீஸிலிருந்து போன் வரும். கம்ப்யூட்டரோடு இணைத்த ஒரு பெட்டியின்மேல் இருக்கும் இரண்டு ரப்பர் கிண்ணங்களில் ரிசீவரைக் கவிழ்த்து வைத்தால், இங்கிருக்கும் விலைப்பட்டியல் கீச்கீச்சென்று கம்பி வழியே அங்கே போய்விடும். போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய்க்கே அந்த வேலை. அவர் வழக்கம்போல் குலம் கோத்திரம் விசாரிக்க, பெங்களூர்க்காரர்கள் புகார் செய்தார்கள். 'பெங்களூர் ஆபீஸ்' என்று சொன்னால் போதும், பேசாமல் ரிசீவரைக் கவிழ்க்க வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். பாய் முணுமுணுத்துக்கொண்டே கவிழ்த்தார்.

பிறகு அடுத்தடுத்து இரண்டு ஏற்றுமதி ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. நாங்கள் போட்ட விலைக்குக் கொஞ்சமே கொஞ்சம் கீழே போட்டிக் கம்பெனி போட்டிருந்தது. பட்டியலை டைப் செய்தவன் நான். எல்லோர் கண்ணும் என்மேல் திரும்பியது. பாப்பிரெட்டிப்பட்டியில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்த நேரம். வேலை போனால் கல்யாணமும் போகும்.

பாய் மேனேஜரின் உத்தரவைத் தூக்கி ஓரமாக வைத்தார். பெங்களூர் என்று யார் கூப்பிட்டாலும், "வைங்க, நானே கூப்புடறேன்" என்று வைத்துவிடுவார். தன் டைரியில் இருக்கும் பெங்களூர் நம்பருக்கு டிரங்க் கால் புக் செய்வார். அங்கே ஆள் பேசி, கூப்பிட்டது தாங்கள்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகே ரிசீவர் கிண்ணத்துக்குப் போகும். லைன் கிடைக்கச் சில நாள் இரண்டு மணி நேரம்கூட ஆகும். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். பாய் டீ குடிப்பார்.

ஒரு வியாழக்கிழமை காலை அப்படித்தான் ஓர் அழைப்பை வைத்துவிட்டு, பெங்களூருக்கு புக் செய்து கேட்டார்.

"இப்ப எங்களக் கூப்ட்டது யாருங்க?"

"யாரும் கூப்பிடலையே பாய். இங்க மிஷினே மூணு நாளா ரிப்பேரு."

பாய் ரிசீவரை அப்படியே, அன்று ஆபீஸுக்கு வந்திருந்த முதலாளி கையில் கொடுத்தார். எக்ஸ்சேஞ்சில் விசாரித்ததில், அந்த அழைப்பு ஓசூரில் இருக்கும் போட்டிக் கம்பெனி ஆபீஸிலிருந்து வந்தது என்று தெரிந்தது. எங்கள் தலைமை ஆபீஸை விட்டு நின்ற ஓர் ஆள் அங்கே சேர்ந்திருந்தான். முந்தைய இரண்டு பட்டியல்களையும் 'பெங்களூர் ஆபீஸ்' என்று சொல்லியே வாங்கியிருக்கிறான். என் வேலை தப்பியது.

என் கல்யாணத்துக்கு வந்த முதலாளி என்னைத் தனியே அழைத்தார்.

"உன்னை நிறுத்தறதா ஆர்டரே டைப் பண்ணி வச்சிருந்தேம்பா. பாய்தான் வந்து நின்னாரு. 'தம்பிக்கு நான் பொறுப்புங்க. அவர அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்பிடுங்க'ன்னாரு."

எப்போது என்று கேட்டேன். அந்த வியாழக்கிழமைக்குப் பத்து நாள் முன்பாம். அப்போது பாயிடம் எந்தச் சாட்சியும் இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பந்தியில் பாய் தலைகுனிந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக் கோலத்திலேயே வாளியை வாங்கிப்போய், அவர் போதும் போதும் என்று கையை நீட்டி மறைக்க மறைக்க, இலை நிறைய ஊற்றினேன்.