சங்கரிக்குப் போய்ச்சேராத புத்திமதி

புத்திசொல்லி என்று ஓர் இனம் உண்டு. காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலைக் கடைக்கு ஆள் பிடிக்கும் தரகரிடம்கூட 'வாங்கியாச்சுப்பா' என்று சொல்லித் தப்பிவிடலாம். புத்திசொல்லியிடம் 'கேட்டாச்சு' என்றால் முதலிலிருந்து தொடங்குவார்.

பேராசிரியர் வரதராஜன் அதில் அசல் சரக்கு. இரண்டாயிரத்து மூன்றில் கல்லூரி அவரை மாணவர் ஆலோசகர் ஆக்கி, ஓர் அறையும் கொடுத்தது. "சார், வீட்ல ஒரே பிரச்சனை" என்று ஒருவன் வாய் திறந்தால் போதும், "நான் படிக்கிறப்போ" என்று இவர் புறப்பட்டுத் தன் சைக்கிள், தெருவிளக்கு, தங்கப்பதக்கம் எல்லாவற்றையும் சுற்றி வருவதற்குள், எப்படி எழுந்து போவது என்பதே அவனுடைய பிரச்சனையாகிவிடும். சீக்கிரமே ஆள் வருவது நின்றது. பிள்ளைகளுக்குக் கூச்சம் என்று முடிவு கட்டினார். வேறென்ன காரணம் இருக்க முடியும்?

வெளிநாட்டில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எங்கோ இருக்கும் ஆலோசகர் எதிரே உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியுமாம். பத்திரிகையில் படித்தார். கண்ணாடிக்கு இங்கே வழியில்லை, ஆனால் கம்ப்யூட்டர் லேபில் எழுத்திலேயே பேசிக்கொள்ளும் சாட் இருந்தது. பேர் சொல்ல வேண்டாம், முகம் காட்ட வேண்டாம் என்று கல்லூரியிலும் பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டரிலும் நோட்டீஸ் ஒட்டினார்.

அன்றைக்கே ஒரு பெண் எழுதினாள்.

"சார், செமினார்ல இங்கிலீஷ் வராம நின்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதுலருந்து எங்க ஊரு மாகறல்லருந்து பஸ் ஏறி வரேன், காலேஜுக்குள்ள வர்றதில்ல. கோயில் கொளத்தாண்ட குந்திக்கினு இருந்துட்டு சாயங்காலம் வூட்டுக்குப் போறேன். படிப்ப நிறுத்திடலாம்னு இருக்குது."

வரதராஜனுக்குக் கண் கலங்கியது, நிஜமாகவே. இந்தப் பெண்ணை விட்டுவிடக் கூடாது. தட்ட ஆரம்பித்தார். தன்னம்பிக்கைக்கு ஒரு பத்தி, விடாமுயற்சிக்கு ஒன்று. அனுப்பவில்லை, இன்னும் மெருகு வேண்டும். அதற்குள் அவள் அப்பாவிடம் சொல்லப் பயப்படுவதை, டீச்சராகும் ஆசையை, சிரித்தவர்களில் தன் சிநேகிதியும் இருந்ததை, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனாள். இவர் தங்கப்பதக்கத்தை எட்டி, ஒருவழியாக அனுப்பப் போனார்.

கரண்ட் போய்விட்டது.

அவர் தட்டியதில் ஒரு வார்த்தைகூடப் போய்ச்சேரவில்லை. அன்றிரவு வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அறை வாசலில் ஒரு பெண் நின்றாள்.

"சங்கரி சார். நேத்து எழுதுனது நான்தான். நீங்க குறுக்க ஒரு வார்த்த பேசல. எல்லாத்தையும் கொட்டுனதும் மனசு லேசாயிட்டுது. இன்னைக்கு கிளாசுக்குப் போறேன். நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

பேசாமல் இருந்ததுதான் தான் செய்த உருப்படியான காரியம் என்று வரதராஜனுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. புரிந்ததை அவளுக்கு விளக்க வேண்டாமா?

"உக்காரும்மா. பேசாம கேக்கறது இருக்கே, நான் படிக்கிறப்போ..."

வகுப்பு மணி அடித்தது. உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட சங்கரி பாவமாகக் கதவைப் பார்த்தாள்.

இந்த மனிதரிடம் நாலு வார்த்தை சொல்ல வேண்டும்போல எனக்குக் கை பரபரக்கிறது. உங்களுக்கும் அவருக்குச் சொல்ல ஒன்று தோன்றியிருக்குமே? சங்கரிக்குச் சொல்லவும்கூட? அப்படியானால் உள்ளே வாருங்கள், புத்திசொல்லி இனத்தில் அவரோடு சேர்த்து நாம் மூன்று பேர்.