சேட்டுக் கறையும் நீர் அனுப்பிய தூளும்

வெள்ளவத்தை,
ஆவணி 1997

அன்புள்ள மச்சான் நாகேந்திரம் அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நலமில்லை என்று எழுதினால் உமது தங்கை பத்மாவதி கடிதத்தை ஒட்ட விடமாட்டா. லண்டனில் நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் கதிர்காமக் கந்தனை வேண்டுகிறேன்.

நிற்க. பம்பலப்பிட்டியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வரும் வழியில் வாயில் வைத்த பஞ்சு நழுவி, போட்டிருந்த வெள்ளைச் சேட்டின் நெஞ்சுப் பக்கம் முழுவதும் இரத்தம். குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். இந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் ஆமியும் பொலிசும் வீடு வீடாகச் சோதனை போடும் என்று பேச்சு. பத்மாவதி சேட்டைக் கண்டதும், "என்னப்பா, உதைக் கண்டா உங்களைச் சும்மா விடுவாங்களோ? பல்லெண்டு சொன்னா ஆர் நம்புவான்?" என்று அழத் தொடங்கிவிட்டா. எரித்தால் மேல்மாடி றோஸி புகை என்று கத்துவா, குப்பையில் போட்டால் எவனாவது கிளறுவான், கடலில் எறியலாமென்றால் கரையில் ஆமிக் காவல். அப்போதுதான் நீர் அனுப்பிய உடுப்புத் தோய்க்கும் தூள் நினைவுக்கு வந்தது. வெள்ளைத் துணியென்றால் கொதிதண்ணீர்தானே எங்கள் வழக்கம், பானையில் போட்டு நன்றாக அவித்தேன். கறை போகவில்லை, மண்ணிறமாய் இறுகிவிட்டது. உம்மைத் திட்டினேன். மன்னிக்கவும், பலமாகத்தான் திட்டினேன்.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் மகள் சிவமணி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, அதுக்குள்ளை இருக்கிறது நொதியம். எங்கடை வயித்திலை இறைச்சி செமிக்கிற மாதிரி அது இரத்தக் கறையைச் சின்னச் சின்னனா வெட்டிவிடும், பிறகு தண்ணி கழுவிக்கொண்டு போம். நீங்கள் கொதிக்க வைச்சு நொதியத்தைச் சாக்காட்டிப் போட்டியள். இரத்தமும் முட்டை மாதிரி அவிஞ்சு போச்சு."

புதுத் தூளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்துப் பகல் முழுக்க ஊறவிட்டோம். நான் சோற்றையும் மறந்து, வாளியை எட்டிப் பார்ப்பதும் வாசலை எட்டிப் பார்ப்பதுமாகத் திரிந்தேன். பின்னேரம் பிழிந்தால், மச்சான், கறை இருந்த இடமே தெரியவில்லை! இனி எவன் வந்தாலும் எனக்கென்ன பயம்?

உமது குடும்பம் எந்தக் குறையும் அண்டாமல் வாழ வாழ்த்தும்,
மச்சான் சிவபாதசுந்தரம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சோதனைக்கு வந்துவிட்டார்கள். சேட்டை ஒருவரும் திரும்பியும் பார்க்கவில்லை. உமது தங்கை தூள் வந்த பெட்டியை எறிந்துவிட்டு மீதித் தூளைப் பால்மாப் பேணியில் கொட்டி வைத்திருக்கிறா, அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இது என்ன வெள்ளைத் தூள் என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இது இரத்தத்தைத் தின்னும் என்றேன். "காகே லே?" என்றார். யாருடைய இரத்தமாம். என்னுடையதுதான், இந்தச் சேட்டில் இருந்தது என்று எடுத்துக் கொடுத்தேன். சேட்டு பளிச்சென்று இருக்கிறது. இதைப் பொலிஸ் நிலைய வாங்கில் குந்தியிருந்து எழுதுகிறேன். அது சவர்க்காரத் தூள்தான் என்று உடனே தந்தி அடியும். மச்சான், உமது தூள் அந்தக் கறையில் ஒரு சொட்டாவது மிச்சம் வைத்திருக்கக் கூடாதா?