மூட்டைக்குப் போட்ட சாய்தளம்

சர்க்கரை நோய்க்கு வலது காலை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பறிகொடுத்துவிட்டு வந்த நெடுஞ்செழியன், இனிமேல் வாசலைத் தாண்டுவதில்லை என்று தீர்மானித்தார். திண்டிவனம் வரைக்கும் புல்லட்டில் அதிர அதிரப் போன மனுஷனை, ஒலக்கூர் தெருவே நின்று பரிதாபமாகப் பார்ப்பதா? சக்கர நாற்காலி வீட்டுக்குள்ளேயே சுற்றியது. ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தார்.

மனைவி அம்சவள்ளி, வாசற்படியில் நாற்காலி இறங்க ஒரு சாய்தளம் போடலாம் என்றாள்.

"இரும்புத் தகடா? மழையில வழுக்கும். பலகையா? என் வெயிட்டுக்கு முறியும்."

"சிமென்ட்டுலயே போட்டுடலாங்க."

இதற்கும் போனில் தேடிப் பதில் வைத்திருந்தார். "ஒரு அங்குல உசரத்துக்கு ஒரு அடி நீளம் வேணும். நம்ம வாசப்படி ரெண்டடி. இருபத்துநாலு அடி இழுக்கணும். வாசல்ல ஆறடிகூட இல்ல. மிச்சத்த எதிர்வூட்டுக்குள்ள போடுவியா?"

"அப்ப வேணாங்க."

இவ்வளவு சுலபமாக அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஜெயித்தவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுவாரம் கொல்லைக் கதவிலிருந்து பக்கத்துச் சந்து வழியாகத் திண்டிவனத்துக் கொத்தனார் முருகையன் செங்கல் அடுக்க ஆரம்பித்தார்.

"என்னா அது?" என்று நெடுஞ்செழியன் மனைவியைக் கேட்டார்.

"மல்லாட்டை மூட்டைக்குங்க. தள்ளுவண்டியில ஏத்திடலாம். தூக்கித் தூக்கி என் இடுப்பு போயிடுச்சு."

நெடுஞ்செழியனுக்கு நெஞ்சு கனத்தது. முன்பெல்லாம் அவர் தூக்கிய வேர்க்கடலை மூட்டைகள் அவை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? பக்கத்து ஜன்னலைத் திறந்தார்.

"முருகையா, இவ்ளோ செங்குத்தா போட்டா வண்டி அவளை இழுத்துக்கினு போயிடும்யா! நீட்டிப் போடு. திரும்புற இடத்துல சமதளம் வுடு. நைசா பூசாத, துடைப்பத்தால கோடு இழு. ரெண்டு ஓரமும் திண்டு கட்டு, சக்கரம் எறங்கிடப் போவுது!"

எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. சிமென்ட் இறுகியபின் பார்த்தால், தெருவை ஒட்டித் திரும்பும் இடத்தில் மட்டும் திண்டைக் காணோம்.

"திண்டிவனத்துக்காரனுக்குத் திண்டு கட்டத் தெரியாதா? அவ மூட்டையோட கவுந்தா யாருய்யா பதில் சொல்றது?"

முருகையன் திரும்பாமல் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். பேஜாரு புடிச்சவன்! ஆத்திரத்தில் நெடுஞ்செழியன் சக்கரத்தைத் தள்ளினார். கதவைத் தாண்டியாயிற்று. சரிவில் இறங்கினார். கால் இல்லாத பக்கமாக உடம்பு சாய்ந்தது. ஆனால் கோடு இழுத்த தரை சக்கரத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. நாற்காலி ஓடவில்லை, நிதானமாக இறங்கியது.

திண்டு இல்லாத இடத்தில் அம்சவள்ளி காலை ஊன்றி நின்றிருந்தாள்.

"மூட்டை எங்கடி?"

"அதான் வந்துடுச்சே. இங்க மட்டும் திண்டு கட்ட வேணாம்னு நான்தான் சொன்னேன். இல்லன்னா நீங்க வெளிய வந்திருப்பீங்களா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். தெரு. டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிப் போய்விடலாமென்றால் ஏற்றத்தில் தள்ள அவள் வேண்டும்.

அவளோ அவர் மடியில் ஒரு வயர் கூடையை வைத்தாள்.

"வந்ததுதான் வந்தீங்க, கடையில அரை லிட்டர் தயிர் வாங்கிக்கினு வாங்க. ஜல்தி!"