வல்லபராயருக்கு விழாத கைதட்டல்

பூகோளப் புத்தகத்தில் தேடிச் சலித்துக்கொள்ள வேண்டாம். வரைபடத்தை மடிக்கும்போது மடிப்புக்குள் போய்விடும் நாடு அது. பெயர் நாதபுரி. அங்கே அரியணை கிடையாது. நாட்டின் வாத்தியக் குழுவை யார் நடத்துகிறாரோ அவரே ஆட்சியாளர். ஐந்தாண்டுக்கொரு முறை மக்கள் கூடி, வாத்தியக்காரர்களில் ஒருவர் கையில் நடத்துகோலைக் கொடுப்பார்கள். ஆணைகளை யாரும் எழுதி வைப்பதில்லை. மாலைக் கச்சேரியில் கொம்பு முழங்கினால் ஏரிக்காவலர் மதகைத் திறப்பார். முரசு ஒலித்தால் களஞ்சியக்காரர் நெல் அளப்பார். அப்படியே நாடு ஓடிக்கொண்டிருந்தது.

வல்லபராயர் பின்வரிசையில் பிடில் வாசித்தவர். பாவம், தலை நரைக்கும் வரை வாசித்தும் அவருக்கென்று ஒருவரும் கைதட்டியதில்லை. கோல் மட்டும் கைக்கு வரட்டும், அப்புறம் தட்டுகிற தட்டெல்லாம் எனக்குத்தானே என்று கணக்குப் போட்டார். வீட்டுக்கொரு ராகம் இலவசம் என்று வாக்குறுதி கொடுத்தார். ஜெயித்தும் விட்டார்.

முதல் கச்சேரி. சபைக்கு முதுகைக் காட்டி, குழுவைப் பார்த்து நிற்பதுதான் நடத்துபவரின் வழக்கம். அப்படியே நின்று கோலை வீசினார். கொம்புக்காரர் மாசிலாமணி மதகுப் பாட்டை முழங்கி முடித்ததும் சபை எழுந்து நின்று தட்டியது. வல்லபராயருக்கு உச்சி குளிர்ந்தது. வணங்கத் திரும்பினார். ஒருவர் கண்ணும் அவர் மேல் இல்லை. எல்லாரும் அவரைத் தாண்டி மாசிலாமணியைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த மேடையில் சத்தமே எழுப்பாத ஒரே ஆள் தான்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சபை மரியாதைத் துறை அமைச்சர் பூவராகனைக் கூப்பிட்டார்.

"அந்தக் கைதட்டல் யாருக்கு?"

"கோலுடையீர், சந்தேகமென்ன, தங்களுக்குத்தான்."

"அப்புறம் ஏன் அவனைப் பார்த்துத் தட்டினார்கள்?"

"தங்களை நேரே பார்க்கக் கண் கூசுகிறது. கொம்பு பளபளப்பதும் ஒரு காரணம். அதன் வாயில் துணி அடைத்தால் சபையில் சமத்துவம் நிலவும்."

துணி அடைத்தார்கள். ஏரிக்கரை வரை சத்தம் போகவில்லை. மதகு திறக்கவில்லை. பயிர் வாடிப்போய், உழவர்கள் அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள்.

"ஐயா, கொம்புச் சத்தமே கேக்கலீங்க. காவக்காரர் மதகத் தொறக்க மாட்டேங்கிறாரு. நாத்தெல்லாம் கருகுது."

பூவராகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? போய் அனுபவியுங்கள்."

வல்லபராயர் மனசு மட்டும் ஆறவில்லை. தெருவில் பிள்ளைகள் தட்டைக் கவிழ்த்து முரசுத் தாளம் போட்டார்கள். அதைக் கேட்டவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் கோல் வீச்சை ஒரு பிள்ளையாவது செய்து காட்டியதுண்டா? மறுநாளே ஆணை வந்தது: முரசின் தோலைக் குச்சி தொடக் கூடாது; ஒரு சாண் மேலேயே நிறுத்த வேண்டும். களஞ்சியம் பூட்டியபடி கிடந்தது. பிள்ளைகளின் தட்டு கவிழ்ந்தே இருந்தது.

பிறகு குழல், யாழ், பிடில். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ரசித்துத் தொலைத்தார்கள். ஒவ்வொன்றின் வாயும் அடைபட்டது. கடைசியில் எல்லாரும் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு ஆடி அசைந்தார்கள், அவ்வளவுதான். 'ஓசையற்ற பொற்காலம்' என்று அரசு பெயர் வைத்தது. கோல் காற்றைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அது வல்லபராயருக்குத் தேனாக இனித்தது.

ஒரே ஒரு சங்கடம். பாட்டு எப்போது முடிகிறதென்று சபைக்குத் தெரியவில்லை. தப்பான இடத்தில் தட்டினாலும் தட்டாமல் விட்டாலும், அந்த வீட்டுக்கு அரசு ஊற்றும் கொஞ்சநஞ்சக் கஞ்சியும் நின்றது. ஆகவே பூவராகன் முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் தட்டுவதென்றும், மற்றவர் அவரைப் பார்த்துத் தட்டுவதென்றும் ஏற்பாடாயிற்று. சபையில் நிற்கும் காவலருக்கும் அதே விதிதான்.

ஆண்டு விழா. வல்லபராயர் கோலைத் தாழ்த்தினார். இடி விழுந்தாற்போல் கைதட்டல் எழுந்தது. இனி போட்டிக்கு யாரிருக்கிறார்கள்? இத்தனை வருஷ ஏக்கம் தீரப் பார்த்துவிடலாமென்று திரும்பினார்.

ஒருவர் கண்ணும் அவர் மேல் இல்லை. எல்லார் கண்ணும் பூவராகனின் கை மேல் இருந்தது. அவர் வேகமாகத் தட்டினால் சபை வேகமாகத் தட்டியது. அவர் எழுந்தால் சபை எழுந்தது. தன் வாழ்நாளில் எந்தக் குழுவும் தனக்கு இப்படிக் கட்டுப்பட்டதில்லையே என்று வல்லபராயருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"அவனைப் பிடியுங்கள். அந்தக் கையைக் கட்டுங்கள்" என்றார்.

காவலர் பூவராகனின் கையைப் பார்த்தார்கள். அவர் தட்டுவதை நிறுத்தினார், சபை நிறுத்தியது. மடியில் கையை வைத்துக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு மேடையை நோக்கி ஒரு விரலை நீட்டினார். காவலர் ஏறிப்போய் வல்லபராயரை இறக்கி, கோலை வாங்கிக்கொண்டு வந்து பூவராகனிடம் கொடுத்தார்கள். அவர் தட்டினார், சபையும் தட்டியது.

தட்டல் ஓயுமுன்பே புதிய கோலுடையவர் மேடையேறிக் குழுவைப் பார்த்து நின்றார். சட்டென்று நினைவு வந்தவராய்த் திரும்பி, முன்வரிசையில் காலியாக இருந்த தன் நாற்காலியைப் பார்த்தார். அதில் இனி யாரும் உட்காரக் கூடாதென்று உடைத்து அடுப்பில் போடச் சொன்னார்.

ஆக, நிறுத்து என்று காட்ட முன்வரிசையில் ஆளில்லை. தானாக நிறுத்தினால் கஞ்சி போகும். இது எந்த ஊர்க் கதை என்று என்னைக் கேட்காதீர்கள். என் இரண்டு கையும் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. வாய் சும்மா இருந்ததால் சொன்னேன்.