நந்தகுமாரைத் தீர்க்க முப்பத்து மூன்று கார்டு

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழே முக்கால் மணிக்கு, கடப்பேரி எத்திராஜ் ஒரு கொலை செய்வதென்று முடிவு கட்டினார். சாகவேண்டியவன் பெயர் நந்தகுமார். தொழில், டிவி தொடரில் கதாநாயகன்.

இத்தனைக்கும் எத்திராஜ் ஒரு கரப்பான்பூச்சியைக்கூட அடிக்கமாட்டார். மனைவி ரேணுகாம்பாளைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்வார்.

நந்தகுமார் செய்த குற்றம் என்ன? 'ஒரே குடைக்குள்' என்ற அந்தத் தொடரில் வாராவாரம் மனைவி வசுதாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தான். எத்திராஜ் பொறுத்தார். அவளுக்குத் தலைவலி வந்தபோது தைலம் தேய்த்துவிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பன்னிரண்டாவது வாரம், மழையில் நடந்துகொண்டே, "வசு, நீ ஏன் காலேஜில் சேரக்கூடாது?" என்று கேட்டுத் தொலைத்தான். அத்தோடு 'தொடரும்' போட்டுவிட்டார்கள். வசுதா சேரலாமா, கூடாதா? நேயர்களே எழுதுங்கள், பெரும்பான்மை விருப்பப்படி கதை நகரும் என்று அறிவிப்பாளர் சிரித்தார்.

எத்திராஜ் வீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பதினோரு போர்ஷன் பெண்களும் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். வண்டலூரில் கூண்டுக்கு வெளியே நின்று பார்ப்பார்களே, அப்படி.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? ரேணுகாம்பாள் பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தவள். அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு மின்சார ரயில் ஏறிப் போய்வர வேண்டும் என்று ஆறு வருஷமாகக் கேட்கிறாள். ஆறு வருஷமாக எத்திராஜ் சொல்லும் பதில், "பாக்கலாம்." அந்தச் சொல்லுக்குப் 'பார்க்கமாட்டேன்' என்று அர்த்தம் என்பது கல்யாணமான பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அகராதி எழுதிய ஆண்களுக்குத்தான் தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் ரேணுகாம்பாள் ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா நந்தகுமாரை?"

"பாத்தேன். அவனுக்கு வேலைவெட்டி எதுனா கீதா, இல்லியா?"

"பேங்க் மேனேஜர்."

"அங்க ஜனங்க கியூல நின்னுகினு கீறாங்க. இவன் வூட்டுல தைலம் தேச்சிகினு கீறான்."

"நீங்க எந்த பேங்க்ல மேனேஜர்?"

இது அநியாயமான கேள்வி. எத்திராஜின் அப்பா நெல் விளைவித்த நிலத்தில் எத்திராஜ் பதினோரு போர்ஷன் விளைவித்திருந்தார். அதற்குப் பிறகு அவர் வேலை என்று ஒன்று செய்ததற்கு ஆதாரம் கிடையாது.

"தோ பாரு ரேணு, இதெல்லாம் டிவில நடக்கும். ஊர் ஒத்துக்காது. நேயருங்க எழுதட்டும். பொண்டாட்டிய காலேஜுக்கு அனுப்புடான்னு ஜனங்க சொன்னா நானும் உன்ன அனுப்பறேன். போதுமா?"

"நெஜமாவா?"

"நீர்மலைப் பெருமாள் மேல ஆணை."

சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஜனங்கள் என்றால் யார்? உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்களாயிற்றே. அப்போதுதான் நந்தகுமாரின் தலையெழுத்து நிச்சயமானது. அவன் செத்துப்போனால் யார் யாரைக் காலேஜுக்கு அனுப்புவது?

மறுநாளே தபாலாபீசுக்குப் போய் முப்பத்து மூன்று கார்டு வாங்கினார். போர்ஷனுக்கு மூன்று. ஜனநாயகத்தில் ஒரே ஆள் முப்பத்து மூன்று ஓட்டுப் போடலாமா என்று நாம் கேட்கலாம். வீட்டுக்காரர் என்றால் போடலாம் என்பது எத்திராஜின் கட்சி.

முதல் போர்ஷனில் எட்மண்ட், ரிட்டையரான ரயில் டிரைவர்.

"என்னா எழுதணும் மேன்?"

"நந்தகுமார் சாகணும்."

"வொய் மேன்? நல்ல பையன்."

"ஜிஎஸ்டி ரோட்டுல எத்தினி லாரி போவுது. ஒண்ணு போதும்."

"லாரி வேணாம் மேன், பிரேக் அடிச்சிடுவான். டிரெய்ன் போட்டுக்கோ," என்றார் எட்மண்ட் அனுபவத்தோடு.

மூன்றாவது போர்ஷனில் டீச்சர் செல்வமேரி.

"உயிரை எடுக்கறது பாவம் சார். கோமால போட்டுடலாமா?"

"போடு. ஆனா எழுந்துக்கக்கூடாது."

கடைசிப் போர்ஷனில் ஜோசியர் தோத்தாத்ரி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆயுசு கெட்டின்னு தோணறதே."

"நந்தகுமார் ஜாதகத்த நீங்க எங்க பாத்தீங்க?"

"மொகத்தப் பார்த்தாலே தெரியறது."

"கார்டுல வேற மாதிரி தெரியட்டும் சாமி."

ஒருவரும் மறுக்கவில்லை. எல்லோரும் பணிவாகத் தலையாட்டினார்கள். எத்திராஜ் அன்றைக்கு இரண்டு கரண்டி சாதம் கூடுதலாகச் சாப்பிட்டார். பதினோரு போர்ஷனுக்கும் சொந்தக்காரர் யார் என்பது அவருக்குத் தெரியும். மோட்டார் சுவிட்ச் யார் கையில் என்பதைத்தான் யோசிக்கவில்லை. தாம்பரத்துக் கோடையில் உண்மையான சொந்தக்காரர் யார் என்று, குடத்தோடு நிற்கிற எவளைக் கேட்டாலும் சொல்வாள். காலை ஐந்தரைக்கு ரேணுகாம்பாள் மோட்டார் போட்டால் பதினோரு வீட்டுக்கும் தண்ணீர். போடாவிட்டால் எட்மண்டே ஆனாலும் பவுடர் குளியல்தான்.

இரண்டு வாரம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேயர் கடித நிகழ்ச்சி. கூடம் நிரம்பி வழிந்தது.

"'ஒரே குடைக்குள்' பற்றி வந்த கடிதங்களில் முப்பத்து மூன்று, தாம்பரத்தில் ஒரே முகவரியிலிருந்து வந்திருக்கின்றன," என்றார் அறிவிப்பாளர்.

எத்திராஜ் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"வசுதா கல்லூரிக்குப் போயே ஆகவேண்டும் என்கிறார் நேயர் எட்மண்ட்."

மேல் கால் கீழே இறங்கியது.

"எம்.ஏ. வரைக்கும் போகவேண்டும், நந்தகுமார் சாப்பாடு கட்டிக் கொடுக்கவேண்டும் என்பது செல்வமேரியின் கருத்து. நந்தகுமாருக்கு ஆயுள் தொண்ணூற்றெட்டு என்று கணித்திருக்கிறார் தோத்தாத்ரி. அவர் மேலும் எழுதுகிறார். 'எங்கள் வீட்டுக்காரர் திரு. எத்திராஜ் அவர்களே சொந்தமாகக் கார்டு வாங்கி, வாசல் வாசலாக வந்து கொடுத்து, எங்களை எழுதவைத்தார். தம் மனைவியையும் பி.ஏ. படிக்கவைக்கப் போகிறார்.'" அறிவிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வசுதா கல்லூரியில் சேரட்டும் என்பதே பெரும்பான்மை நேயர்களின் விருப்பம். எத்திராஜ் அவர்களே, உங்களைப் போன்ற ஆண்கள்தான் இந்த நாட்டுக்குத் தேவை."

கூடமே கைதட்டியது. கார்டு வாங்கவில்லை என்று எத்திராஜ் சொல்லமுடியாது, தபாலாபீசே சாட்சி. எதற்கு வாங்கினார் என்று சொல்லவும் முடியாது, இத்தனை கைதட்டலுக்கு நடுவே.

எதிர்வீட்டு சம்பத் ஜன்னலில் தலையை நீட்டினார். அவர் முகத்தில் சாவு வீட்டுக்களை.

"இன்னா மச்சான், ஆம்பளைங்க வயித்துல இப்படி மண்ணப் போட்டுட்டியே. எங்க வூட்டுல இப்பவே டைப்ரைட்டிங்ன்றா."

எல்லோரும் போன பிறகு எத்திராஜ் மனைவியைப் பார்த்தார்.

"உன் வேலதானா?"

"நான் இன்னா செஞ்சேன்? காத்தால தண்ணி புடிக்க வந்தவங்க, சார் இப்படி எழுதச் சொல்றாரே, எழுதட்டுமான்னு கேட்டாங்க. அவங்கவங்க மனசுல பட்டத எழுதுங்கன்னேன்."

"அவ்ளோதான் சொன்னியா?"

"அவ்ளோதான். சுவிட்ச் மேல கை வெச்சிகினு சொன்னேன்."

தோற்றாலும் கம்பீரமாகத் தோற்கவேண்டும் என்று எத்திராஜுக்குத் தோன்றியது. நந்தகுமாரே பார்த்தால் வெட்கப்படவேண்டும். எழுந்து நின்றார். வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"சரி. பெருமாள் மேல ஆணை வெச்சிட்டேன். நாளைக்கு நானே யுனிவர்சிட்டிக்குப் போய் உனக்கு ஃபாரம் வாங்கியாறேன்."

"ஃபாரம் போட்டு மூணு மாசம் ஆவுது," என்றாள் ரேணுகாம்பாள், விளக்கைத் துடைத்துக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை கிளாஸுக்குப் போவத்தான் வழியில்லாம இருந்திச்சு. புஸ்தகமெல்லாம் வந்திடுச்சே. நேத்து மத்தியானம் தலகாணி பத்தலன்னு ஒண்ண தலைக்கு வெச்சிகினு தூங்கினீங்க இல்ல, அதான் ஃபர்ஸ்ட் இயர் ஹிஸ்டரி."