தளவாயின் செங்கண்ணும் பத்து இருபது முகூர்த்தமும்

முன்னூறு மணமேடைகளை முழங்காலிட்டும் குப்புறப் படுத்தும் வென்றவனும், தாலி ஏறும் நொடியில் குறுக்கே பாயும் சித்தப்பாமார்களை இடது முழங்கை ஒன்றினாலேயே புறங்கண்டவனும், 'சிரிங்க சேச்சி' என்னும் மூவேழுலகும் அறிந்த மந்திரத்தால் அழுதுகொண்டிருக்கும் மணப்பெண்ணையும் பல் தெரியச் செய்பவனும், ஸ்ரீவராகத்து வாடகை மாடியின் கோமானும், வடிவம்மாளின் கொழுநனும் ஆகிய தளவாய் என்னும் புகைப்பட மாவீரனைப் பாடப் புகுகின்றேன். கலைமகளே, நாவில் வந்து அமர்க. கேட்போரே, காப்பி இருந்தால் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

ஆவணித் திங்கள், ஞாயிற்றுக்கிழமை. அனந்தபுரியில் மண்டபம் என்று சொல்லத்தக்க ஒரு கூரையும் சும்மா கிடக்காத நன்னாள். கழக்கூட்டத்து மண்டபம் ஒன்றில் காலை பத்து இருபதுக்கு முகூர்த்தம். மணமகள் கலைச்செல்வி, போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கழக்கூட்டத்துக் கணினி மாளிகையொன்றில் வேலை பார்ப்பவள். அவளைப் பெற்ற சரோஜமோ குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறாள். லீவு கிடைக்கவில்லை, வேலை நேரத்தில் போனைத் தொடவும் விடமாட்டார்கள். "தாலி கட்டுற ஒரு படம் தெளிவா இருந்தாப் போதும் தம்பி. எனக்கு அதுதான் கல்யாணம்" என்று நம் வீரனிடம் சொல்லியிருந்தாள். அவனும் நெஞ்சில் கைவைத்துச் சரி என்றிருந்தான்.

அவ்வேலை அவன் கைக்கு வந்த வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன்; மறைத்துப் பாட எனக்கொன்றும் நேர்த்திக்கடன் இல்லை. சரோஜம் முதலில் பேசி வைத்தது பேட்டைப் புகைப்படக்காரன் ஷிபுவிடம். அதைக் கேள்வியுற்ற நம் பெருந்தகை, பெண்ணின் தந்தை தங்கப்பன் முன் சென்று நின்று முழங்கினான்: "ஷிபு நல்ல பையன்தான் சேட்டா. ஆனா அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தா உங்க மக கல்யாணத்த யாரு எடுப்பா? எனக்குப் பின்னால ஒரு படையே நிக்குது." தங்கப்பன் பயந்துபோய் ஷிபுவை வேண்டாம் என்றுவிட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்தப் படையின் தலைவன் கண்விழிக்க முயன்றான். விழி இசையவில்லை. வெந்நீரால் இமைக்கோட்டையின் கதவைத் தகர்த்து உள்ளே நோக்கினால், ஆகா, செம்பருத்தி தோற்கும் செம்மை, அருவி தோற்கும் நீர், மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல். மெட்ராஸ் ஐ.

"இந்தக் கண்ணோட மண்டபத்துல போய் நின்னீங்கன்னா, பந்தியில ஒருத்தரும் உக்கார மாட்டாங்க" என்றாள் வடிவம்மாள். நியாயமான பேச்சு.

உடனே மாவீரன் கைப்பேசி என்னும் வெண்சங்கை ஊதினான். முதற்படைத் தலைவன் பிரஜினோ ஆற்றிங்கலில் வேறொரு மணமேடைப் போரில் இருந்தான். "நான் இங்க கல்யாணத்துல நிக்கேன் அண்ணா. என் பேக்கப் பிபின். அவன விளிங்க." பிபினோ நெய்யாற்றின்கரையில். "எனக்கு பேக்கப் மஹேஷ் ஆக்கும்." மஹேஷோ வர்க்கலையில், மணமகனின் செருப்பைப் படமெடுத்துக்கொண்டு. "என் பேக்கப் இன்னிக்கு ஃப்ரீயாத்தான் இருப்பாரு. நம்பர் அனுப்பறேன்" என்று, பேசுவது யாரென்றும் கேளாமல் அவசரமாக வைத்துவிட்டான்.

நம்பர் வந்தது. நீர் வழியும் கண்ணுக்கு எழுத்தெல்லாம் எறும்பு. எம்பெருமான் பத்மநாபனை வேண்டி, தெரிந்த பச்சைப் பொட்டை அழுத்தினான். பிஸி. மறுபடியும் அழுத்தினான். பிஸி. நால்வகைப் படையும் கைவிட்ட மன்னன்போல் அவன் ஏழாம் முறை அழுத்துகையில், வடிவம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இது உங்க நம்பர்லா" என்றாள்.

ஒவ்வொருவனும் அடுத்தவன் பெயரைப் பேக்கப் என்று தன் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டு, அந்தப் பெயருக்குரியவனுக்கும் அதே நாளில்தான் முகூர்த்தம் வரும் என்பதை ஒருவனும் யோசிக்காத மாபெரும் சேனை அது. மணி ஏழரை. அனந்தபுரி முழுதும் அன்று வேலையின்றி இருந்த புகைப்படக்காரன் ஒரே ஒருவன். அவனை வேலையின்றி ஆக்கியவன் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

மானமோ விடேன் என்றது. குவைத்துக் குரலோ படத்தைக் கைவிடாதே என்றது. அரைமணி நேரம் நடந்த அந்த உட்போரில், வடிவம்மாள் இரண்டு தடவை சொட்டு மருந்து விட்டாள். எட்டு மணிக்கு மானம் தோற்றது.

"ஷிபு, உனக்கு பேக்கப் இல்லன்னு அவங்ககிட்ட சொன்னது நான்தான். எனக்கும் இல்ல."

"அறியாம், தெரியும்" என்றான் ஷிபு. "அந்த அம்மா முதல்ல என்னத்தான் விளிச்சது. நான் போறேன். ஆனா சும்மா இருக்கிற நாளுன்னு கேமராவ பிரஜினுக்கு வாடகைக்குக் குடுத்துட்டேன்."

"என் கருவியே உன் கருவி" என்று முழங்கினான் தளவாய், கொடைக்குப் பெயர்பெற்ற வேந்தர்கள் வெட்கும்படியாக. உடனே நடந்தது சுத்திகரிப்பு வேள்வி. பையும் வாரும் பேட்டரியும் பட்டன்களும் சானிடைசரில் நீராடின. லென்ஸை நான்கு துணிகளால் துடைத்தது மாவீரனின் திருக்கரம். கேமராவைப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டான். ஷிபு எடுத்துக்கொண்டு பைக்கில் பறந்தான்.

கழக்கூட்டத்துச் சாலையில் வண்டிக்கடலை நீந்திப் பத்து பதினைந்துக்குக் களம் புகுந்த ஷிபு, நாதஸ்வரம் வீறிட, சித்தப்பாக்கள் மூவர் ஒருசேரப் பாய, முழங்காலிட்டு, முந்தின நாள் முழுதும் தளவாயின் வலக்கண் குடியிருந்ததும் சானிடைசர் வேள்வியில் விடுபட்டதுமான, கேமராவில் கண்வைத்துப் பார்க்கும் துளையின் கறுப்பு ரப்பர் வளையத்தில் தன் வலக்கண்ணை அழுந்தப் பதித்து, மூச்சடக்கி, சுட்டான். மதியம் வேலை ஓய்ந்த வேளையில், ஷிபு அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, குவைத்திலிருந்து தளவாய்க்கு ஒரு குரல் வந்தது. "முடிச்சு வரைக்கும் தெரியுது தம்பி" என்ற பிறகு சரோஜம் கொஞ்ச நேரம் அழுதாள். கண் காணாத தளவாயும் கேட்டுக்கொண்டே அழுதான். அது நோயால் அல்ல.

ஆயினும் மாலையில் தங்கப்பன் விளித்து "உங்க படை கொள்ளாம், நல்ல படை" என்றபோது, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றது அந்த வாய். ஷிபுவும் பெருந்தன்மையாளன். வியாழனன்று அவனுக்கொரு கல்யாணம்; பெண் வீட்டார் பேக்கப் யாரென்று கேட்டதற்கு, "தளவாயண்ணன் உண்டு" என்றானாம். அது கேட்ட நம் காவிய நாயகன், விம்மிய மார்போடும் வீங்கிய இமையோடும் மொட்டைமாடி ஏறி, அனந்தபுரியின் எட்டுத் திசையும் கேட்க, "இனி இந்நகரில் பேக்கப் இல்லாமல் ஒரு முகூர்த்தமும் இல்லை" என்று அறிவித்தான்.

புதன்கிழமை காலையில் ஷிபுவுக்கும் கண் ஒட்டிக்கொண்டது.